புதன்கிழமை ஆறு மணி

ஏப்ரல் 21, திங்கள்

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. மையம் மாவட்டத் தலைநகரில், எங்கள் ஊரிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் கோவேந்தனுக்கும் அதே மையம் கிடைத்தது என் அதிர்ஷ்டம். "எதுக்குங்க சார் பஸ்ஸு? எங்கூடவே வந்துருங்க" என்றார். கறுப்பு வண்டி, வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.

காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து. சமூக அறிவியல் எடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. விடைக்குறிப்பைப் பார்க்காமலே மதிப்பெண் போடலாம். என் மேசைக்கு மேல் மின்விசிறி இல்லை. நாளை வேறு இடம் பிடிக்க வேண்டும்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. காலையிலேயே சொன்னதாக ருக்குமணி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

போகும்போது புறவழிச்சாலையில் போலீஸ் சோதனை. கை காட்டியதும் கோவேந்தன் ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

"நல்லா பழகி வெச்சிருக்கீங்களே" என்றேன்.

"காலேஜ் சேர்ந்ததுலருந்து இது பதினாலாவது தடவைங்க சார்."

எனக்கு நாற்பத்தொன்பது வயது, என்னை ஒரு தடவைகூட யாரும் நிறுத்தியதில்லை என்றேன். சிரித்தார். பிறகு வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. எதற்கு நிறுத்தினீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். சட்டையில் இருக்கும் பெயரைப் படித்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டில் நின்று வாதாடக் கூடாது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், கைதா விசாரணையா என்று கேட்க வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இலவச சட்ட உதவி வக்கீலின் நம்பர்கூட இருக்கிறதாம்.

"நான் பாடம் நடத்துறேன், நீங்க மனப்பாடமா வெச்சிருக்கீங்க" என்றேன்.

"உங்களுக்கு அது பாடம்தானுங்களே சார்" என்றார். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்று மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. தாள் பறக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

இன்று சீக்கிரம் முடிந்தது. திரும்பும்போது, "மாமனார் ஊர்லருந்து நுங்கு வந்திருக்குங்க சார். பத்தே நிமிசம், சாப்பிட்டுப் போலாம்" என்றார் கோவேந்தன். தினமும் கூட்டிக்கொண்டு போய் வருகிறவரிடம் மறுக்க முடியவில்லை. மேட்டுக்காடு, கிழக்குத் தெரு. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தத் தெருவுக்குள் இதற்கு முன் போனது வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஒரே ஒரு தடவை.

வீடு சுத்தமாக இருந்தது. அவர் மனைவி செண்பகம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். "வாங்கண்ணா" என்று கூப்பிட்டு, தோல் நீக்கிய நுங்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நல்ல இளசு. ஐந்து சாப்பிட்டேன். தண்ணீர் கொண்டுவந்தார், என் பாட்டிலில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். டிவியில் ஆறு மணிச் செய்தி ஆரம்பித்து, தலைப்புச் செய்திகள் முடிகிற வரை இருந்தோம். ஆறரைக்கு என்னை வீட்டு முனையில் இறக்கிவிட்டார்.

ஏன் இவ்வளவு நேரம் என்றாள் ருக்குமணி. தாள் அதிகம் என்றேன்.

மோட்டாருக்குக் கபாசிட்டர் மாற்றியாகிவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

திரும்பி வரும்போது, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, புறவழிச்சாலையில் மறுபடியும் சோதனை. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு, பால் சொசைட்டி ரோட்டில் நடந்து போன ஒரு அம்மாளின் தாலிக்கொடியை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். கறுப்பு வண்டியாம்.

கோவேந்தன் எப்போதும் போல இறங்கினார், எல்லாவற்றையும் காட்டினார். எஸ்.ஐ. லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "மேட்டுக்காடா? மேட்டுக்காட்டுல எந்தத் தெரு?" என்றார்.

"கிழக்குத் தெருங்க சார்."

அதற்குப் பிறகு எஸ்.ஐ.யின் பேச்சு மாறிவிட்டது. செல்போனைத் திறந்து கொடு என்றார். "எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா சார்?" என்று கேட்டார் கோவேந்தன். குரல் உயரவில்லை. "ஓ, கேள்வி கேக்கறியா? வண்டில ஏறு, ஸ்டேஷன்ல வந்து கேளு" என்றார் எஸ்.ஐ.

"கைதுங்களா, விசாரணைங்களா சார்? என் மனைவிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டு வர்றேனுங்க."

போன் பண்ண விட்டார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னிடமும் ஏதோ கேட்டார்கள், சொன்னேன். போகச் சொல்லிவிட்டார்கள்.

பஸ் பிடித்து வீடு வர ஏழு ஆகிவிட்டது. இன்னும் வெயில் இறங்கவில்லை போல உடம்பெல்லாம் எரிகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

காலை ஏழு மணிக்கு செண்பகம் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்ல மறந்துவிட்டேன்.

"அண்ணா, அவரை இன்னும் விடலைங்க. புதன்கிழமை ஆறு மணிக்கு எங்க இருந்தேன்னு கேட்டாங்களாம். வீட்லதான் இருந்தேன், நல்லசிவம் சார் கூட இருந்தாருன்னு சொல்லிருக்காரு. அவங்க நம்பலையாம். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டா முடிஞ்சுருமுங்கண்ணா. வக்கீலம்மா ஸ்டேஷன்லதான் இருக்காங்க."

முகாம் இருக்கிறதே என்றேன். பொதுத்தேர்வுப் பணி, லீவு கொடுக்க மாட்டார்கள், மதியம் பார்க்கலாம்மா என்றேன்.

"சாயங்காலம் ஆச்சுன்னா கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருவாங்களாம். அதுக்குள்ள வந்துருங்கண்ணா."

சரி என்று தலையாட்டினேன். "யாருங்க அது?" என்று சமையலறையிலிருந்து ருக்குமணி கேட்டாள். பள்ளிக்கூட விஷயம் என்றேன்.

முகாமில் இன்று ஒரு மாணவனின் விடை. அடிப்படை உரிமைகள் ஏதேனும் இரண்டை விளக்குக. 'பேச்சு உரிமை என்றால் நாம் பேசலாம். ஆனால் பேச வேண்டிய நேரத்தில் பேச வேண்டும்' என்று எழுதியிருக்கிறான். விடைக்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. பூஜ்யம் போட்டேன். பிறகு அடித்து ஒன்று போட்டேன். கூர்ந்தாய்வாளர் திருப்பி அனுப்பினார், மீண்டும் பூஜ்யம் போட்டேன்.

மதியம் எங்கள் மேசை ராசிபுரத்துக்காரர் அக்கா பேத்திக்குக் காது குத்து என்று அனுமதி கேட்டார். முதன்மைத் தேர்வாளர் உடனே கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

ஐந்து மணிக்கு செண்பகத்திடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். மையத்தில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

ஏப்ரல் 26, சனி

நேற்று மாலை நீதிபதி முன் நிறுத்தி, கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்களாம். பதினைந்து நாள் ரிமாண்ட். முகாமில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "உங்க ஸ்கூல்காரராமே? கூட வருவாரே, அவரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அரசு ஊழியர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பெண்ட் ஆனதாகவே கணக்கு. ஒரு வருடம் பொறுப்புத் தலைமை ஆசிரியராக இருந்தபோது அந்த விதியை நானே படித்திருக்கிறேன். வியாழன் ஐந்தரை. இன்று சனி. ஐந்தரை ஆகும்போது பஸ்ஸில் இருந்தேன். ஜன்னல் சீட்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முகாம் விடுமுறை. முடி வெட்டிக்கொண்டேன். கொத்தமல்லி வாங்கி வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை நடந்ததை முழுதாக எழுதவில்லை. கோவேந்தன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது, எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும், "அட, உங்க பங்காளி ஒருத்தர் எங்ககூட வேலை பாத்தாருங்க" என்றார். பிறகு, "நேத்து ஆறு மணிக்கு இந்த ஆளு எங்க இருந்தான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா சார்?" என்று கேட்டார்.

தெரியாதுங்க என்றேன்.

மகள் நிவேதாவுக்கு இப்போதுதான் அரசு வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் விசாரணை வர வேண்டும். அப்பன் பெயர் ஒரு திருட்டு வழக்கில் சாட்சியாகக்கூட வரக் கூடாது என்று தோன்றியது. எந்தத் தகப்பனுக்கும் தோன்றும்.

கோவேந்தன் தூரத்தில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது.

ஏப்ரல் 28, திங்கள்

பஸ்ஸில் போகிறேன். இரண்டு மாற வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

முகாம் முடிந்தது. கோவேந்தனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. சஸ்பெண்ட் உத்தரவு நேற்றே பள்ளிக்கு வந்துவிட்டதாகத் தலைமை ஆசிரியர் போனில் சொன்னார்.

மே 9, வெள்ளி

பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. பக்கத்து மாவட்டத்தில் இரண்டு பேர் பிடிபட்டிருக்கிறார்கள். ஒன்பது இடங்களில் சங்கிலி பறித்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்று எங்கள் பால் சொசைட்டி ரோடு. அந்த அம்மாளின் கொடியையும் மீட்டுவிட்டார்கள்.

கோவேந்தன் பெயர் எங்கேயும் இல்லை. பிடித்தபோது போட்டோவோடு போட்டிருந்தார்கள்.

மே 12, திங்கள்

கோவேந்தன் வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். தெருமுனையில் நின்றிருந்த நாலைந்து பேர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

செண்பகம் கதவைப் பாதி திறந்தார். "அவர் தூங்குறாருங்க" என்றார். மணி காலை பதினொன்று. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணா என்று சொல்லவில்லை.

அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுவர மனமில்லை. பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டும் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஆள் இல்லாததால் கோவேந்தனின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "கோவேந்தன் சார் எப்பங்க சார் வருவாரு?" என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்றேன். இந்த வார்த்தை எனக்கு மிகச் சுலபமாக வருகிறது.

ஜூன் 11, புதன்

நிவேதாவுக்கான போலீஸ் விசாரணை முடிந்தது. ஒரே ஒரு ஏட்டு வந்தார். டீ குடித்தார். "ஸ்கூல் வாத்தியார் வீடுங்களா, அப்ப என்னங்க விசாரிக்கறது" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் 19, வியாழன்

கோவேந்தனின் வக்கீல் ஜெயசீலி பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். சத்தமில்லாத பேச்சு. ஆசிரியர் அறையில் ஆள் இருந்ததால் வேப்ப மரத்தடிக்குப் போனோம்.

"வழக்குலருந்து அவர் பேரை எடுத்துருவாங்க சார், உண்மையான ஆளுக கெடைச்சுட்டாங்க. ஆனா சஸ்பென்ஷன் அப்படியே நிக்குது. டிபார்ட்மென்ட்ல ஒருத்தர்மேல ஒருத்தர் கைகாட்டறாங்க. இதுதான் காரணம்" என்று ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

நான் அன்று சொன்னது. எஸ்.ஐ. எழுதி, என்னிடம் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியது. தெரியாது என்று மட்டும்தான் சொன்னேன் என்று ஏப்ரலில் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. தாளில் இருப்பது இதுதான்: 'புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மேற்படி கோவேந்தன் என்னை என் வீட்டில் இறக்கிவிட்டுச் சென்றார். அதன் பிறகு அவர் எங்கு சென்றார் என்பது எனக்குத் தெரியாது. நான் அவர் வீட்டுக்கு ஒருபோதும் சென்றதில்லை.'

கடைசி வரியை எஸ்.ஐ. கேட்கவே இல்லை. நானாகச் சொன்னது.

"ஒண்ணு கேக்கலாமுங்களா சார்?" என்றார் ஜெயசீலி. "போலீஸ்கிட்ட சொல்ற வாக்குமூலத்துல நம்ம கையெழுத்துப் போடணும்னு சட்டமே இல்லைங்களே. ஏன் போட்டீங்க?"

அது எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. நீட்டினார்கள், போட்டேன்.

புதன்கிழமை உண்மையில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கட்டாயப்படுத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்க சார்" என்று சொல்லி, தன் நம்பரை நோட்டின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த நோட்டு இல்லை, பாடக்குறிப்பு நோட்டு.

ஜூன் 20, வெள்ளி

ஏப்ரல் 23 பக்கத்தைப் படித்தேன். ஐந்து நுங்கு. ஆறு மணிச் செய்தி. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் 'மறதியால்' என்ற வார்த்தை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜூலை 3, வியாழன்

நாளை கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன் என்று ருக்குமணியிடம் சொன்னேன். எதற்கு என்றாள். முதலிலிருந்து சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். போலீஸிடம் பொய் சொன்னதைச் சொன்னபோது அவள் கை நிற்கவில்லை. கோவேந்தன் ஆறு நாள் ஜெயிலில் இருந்ததைச் சொன்னபோதும் நிற்கவில்லை.

"அவங்க வீட்ல சாப்டீங்களா?" என்றாள்.

"நுங்கு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

இதுதான் அவள் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. உனக்கு இதுதான் முக்கியமா என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு முக்கியம்னு நெனச்சு நீங்கதானே மறைச்சீங்க. நான் அன்னைக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என்ன, ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருப்பேன். அந்தப் பொண்ணு கேட்டுக்கு வெளிய நின்னு அழுததை ஜன்னல் வழியாப் பாத்தேன், அது எதுக்குன்னு தெரிஞ்சிருந்தா நானே உங்களை அனுப்பிருப்பேன். பள்ளிக்கூட விஷயம்னு சொன்னீங்க."

செண்பகம் அன்று அழுதார் என்று நான் எழுதவில்லை. திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை.

ஜூலை 4, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். மாவட்டக் கல்வி அலுவலர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க நல்லசிவம், இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லையே?"

"ஆமாங்க சார்."

"மிரட்டினாங்களா?"

ஆமாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எழுதியதில் எல்லாம் இருக்கிறது சார் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எழுதியதில் 'பயத்தினால்' என்று இருக்கிறது. எதன் மேல் பயம் என்று இல்லை.

உங்கள் மேலும் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். வரட்டும் என்றேன். வெளியே வந்து ஒரு சோடா குடித்தேன். கொஞ்சம் சட்டையில் கொட்டியது.

ஜூலை 15, செவ்வாய்

மெமோ வந்தது. அறையில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? அதுதான் ஓஞ்சு போச்சே" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். வெற்றிலைக் கடைக்கு நேரமாகிவிட்டது போல நடந்துவிட்டேன். நான் வெற்றிலை போடுவதில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கோவேந்தனின் சஸ்பெண்ட் ரத்து. நாலு மாதம், நாலு நாள் குறைவு. ஜெயசீலி போன் செய்து சொன்னார். நீதிபதி முன்னால் நிறுத்தியபோது, அடித்தார்களா என்று கேட்டதற்கு, எங்கே, எத்தனை முறை என்று கோவேந்தன் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பார்த்து எழுதியதும் இருக்கிறது. அதை வைத்து மனித உரிமை ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறார்களாம்.

"உங்க வாக்குமூலமும் அதுல சேர்த்திருக்கேன் சார். சாட்சியாக் கூப்பிடுவாங்க. வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். இதற்கு யோசிக்க நேரம் கேட்கவில்லை.

அடித்தார்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஏன் அடித்தார்கள் என்று கேட்டேன். "அதை அவர்தான் சார் சொல்லணும்" என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

கோவேந்தன் பள்ளிக்கு வந்தார். வேறு பள்ளிக்கு மாறுதல் கேட்டு வாங்கியிருக்கிறார். இங்கிருந்து விடுவிப்பு ஆணை வாங்கிப் போக வந்தார். இளைத்திருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கலைகிற வரை சைக்கிள் நிறுத்தத்தில் காத்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "நல்லா இருக்கீங்களா சார்?"

நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "தப்பு பண்ணிட்டேன் கோவேந்தன்" என்று மட்டும் வந்தது.

"உங்க லெட்டரைப் படிச்சேனுங்க. வக்கீலம்மா காட்டுனாங்க. அதுலதான் வேலை திரும்பக் கெடைச்சுது. அதுக்கு நன்றிங்க சார்."

நன்றி சொல்லாதீர்கள் என்றேன்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போயர்றேனுங்க. ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் கேட்டாங்க. எல்லாத்துக்கும் உக்காந்து பொறுமையா பதில் சொன்னேன். யாரும் மேல கை வெக்கலீங்க. அப்பறம் எஸ்.ஐ. உங்க பேப்பரைப் படிச்சாரு. அஞ்சரைக்கே எறக்கி விட்டுட்டேன்னு, எங்க வீட்டுக்கே வந்ததில்லைன்னு. நான் எந்திரிச்சிட்டேன். 'பொய்யி. நல்லசிவம் சார் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு, நீங்களா எழுதிக்கிட்டீங்க'ன்னு கத்திட்டேனுங்க. மேசையத் தட்டிட்டேன். அப்பத்தான் அடிச்சாங்க. எடது காதோட சேர்த்து மூணு அடி."

கோபமில்லாமல், வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னார். நீதிபதியிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

"கையெழுத்தைக் காட்டுனாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதுங்களா, தெனமும் வருகைப் பதிவேட்டுல பாக்கறதுதானே. அப்பவும் நம்பலீங்க சார். உங்களை மெரட்டித்தான் வாங்கிருப்பாங்கன்னு நெனச்சுட்டே இருந்தேன். ஜெயில்ல இருந்த ஆறு நாளும் அப்படித்தான் நெனச்சேன். செண்பகம் சொல்றதைக்கூட ஒத்துக்கல." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "மெரட்டுனாங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் கேட்டார் என்று தோன்றியது. எங்கள் இரண்டு பேருக்கும் அது சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லைங்க" என்றேன். "மரியாதையாத்தான் கேட்டாங்க."

அவர் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது காதை என் பக்கம் சாய்த்தார். நான் மறுபடியும், இன்னும் சத்தமாக, அதையே சொன்னேன்.

"சரிங்க சார்" என்றார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டும்போது பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அது பக்கத்தில் வரும் வரை அவர் ஒதுங்கவில்லை.